வடக்குத் தெருவின் நல்ல தண்ணீர்

ஹைதராபாத்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பாலகணேஷ் எழுதுவது. நானும் இந்துமதியும் சுகம். அங்கே நீ, அத்தான், பிள்ளைகள், முக்கியமாக அம்மா, எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா, ராத்திரி தூங்குகிறாளா என்று தனியாக எழுது.

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுவோம் என்று நீ சொன்னது நல்ல யோசனைதான். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. பக்கத்தில் இருந்து அம்மா அழ ஆரம்பித்துவிடுகிறாள். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அந்த ஒன்றே போதும்.

ஒரு விசேஷம். நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களின் நிலத்தடி நீர் பற்றிய ஆய்வு ஒன்று எங்கள் நிறுவனத்துக்கு வந்திருக்கிறது. எந்தத் தெருவுக்குக் குடிநீர் அவசரம், எந்தத் தெருவுக்கு அவசரமில்லை என்று முடிவு செய்வதற்காக இந்த ஆய்வு. ஏப்ரலில் ஊர் ஊராகப் போய்க் கிணற்றுத் தண்ணீர் பிடித்து வந்து சோதித்திருக்கிறார்கள். அந்த எண்கள் எல்லாம் இப்போது என் மேஜையில். நம் கள்ளிவிளையும் அதில் இருக்கிறது.

என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பாயே, இப்போது சொல்கிறேன். கடைக்கு விளாத்திகுளம் வத்தல் எடுக்கும்போது நீ நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. நிறம், காரம், ஈரம், காம்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் இது ஒரு ரகம், அது ஒரு ரகம் என்று பிரிக்கிறாய். நானும் அதைத்தான் செய்கிறேன், கம்ப்யூட்டரில். ஒவ்வொரு கிணற்றுக்கும் உப்பு, சுண்ணாம்பு, புளோரைடு, நைட்ரேட் என்று பல அளவுகள் இருக்கின்றன. அத்தனையையும் ஒன்றாக வைத்து எந்தக் கிணறு எதோடு சேரும், எது எதை விட்டு விலகும் என்று பார்க்க வேண்டும். பல மாறிப் பகுப்பாய்வு என்று இதற்குப் பெயர். படமாக வரைந்து பார்த்தால் கிணறுகள் மூன்று கூட்டமாக அவ்வளவு அழகாகப் பிரிந்து வந்திருக்கின்றன. இத்தனை சுத்தமான படம் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. மேனேஜர் ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆமாம், நம் வடக்குத் தெருக் கிணறெல்லாம் இப்போது நல்ல தண்ணீர் ஆகிவிட்டதாமே? என் படத்தில், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த தாமிரபரணித் தண்ணீருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்திருக்கின்றன. போன டிசம்பர் வெள்ளத்தில் உப்பெல்லாம் கரைந்து போய்விட்டதோ? மறக்காமல் எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தம்பி,
பாலகணேஷ்

&nbsp;

கள்ளிவிளை
28 ஜூன் 2024

அன்புள்ள தம்பி பாலகணேஷுக்கு,

அக்கா பானுப்ரியா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா சுகம். இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு என்கிறாள், தைலம் தேய்த்துவிடுகிறேன், சரியாகிவிடும். இந்துமதி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அத்தான் துறைமுகத்தில் இருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு சேலம் வரை போயிருந்தார், நேற்றுத்தான் வந்தார். கடை பரவாயில்லை. உனக்குத்தான் தெரியுமே, தண்ணி வண்டி வருகிற அன்றைக்குக் கடையில் வியாபாரமே கிடையாது. இசக்கியப்பன் அண்ணாச்சி டிராக்டரின் ஹாரன் சத்தம் கேட்டால் நானும் கடையைப் பூட்டிவிட்டுக் குடத்தோடு ஓட வேண்டும், கடைக்கு வந்தவர்களும் ஓட வேண்டும். ஆற்றுத் தண்ணீர் வாரத்தில் இரண்டு முறை வருகிறது. அதை வைத்துத்தான் தெருவே ஓடுகிறது.

நீ கிணற்றைப் பற்றி எழுதியிருந்ததை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். "ஒந் தம்பிக்கு நக்கலு கூடிப்போச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பதில் எழுதுவதாகவும் இல்லை. தண்ணீரை வைத்துக் கேலி பேச, தண்ணீர் இருக்கிற ஊரில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்தான்.

உன் படம் அழகாக வந்ததில் எனக்குச் சந்தோஷம். அம்மாவிடம் சொன்னேன். உன்னை எல்லோரும் கூப்பிட்டுப் பாராட்டினார்கள் என்று அடுத்த வீட்டு அற்புதமணியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்படிக்கு உன் அக்கா,
பானுப்ரியா

&nbsp;

கள்ளிவிளை
2 செப்டம்பர் 2024

தம்பி பாலகணேஷுக்கு,

இங்கே சுகம். அம்மா சுகம்.

இரண்டு வாரமாகத் தண்ணி வண்டி வரவில்லை. டிராக்டர் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நேற்று இசக்கியப்பன் அண்ணாச்சியை வழியில் பார்த்து அத்தான் கேட்டிருக்கிறார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறதாம். வடக்குத் தெருவுக்கு மட்டும் போகக்கூடாது என்று உத்தரவாம். "ஒங்க தெருவுலதான் நல்ல தண்ணி ஊறுதாமே அண்ணாச்சி, அப்பொறம் வண்டி எதுக்கு" என்று அவரே சிரித்துக்கொண்டு கேட்டாராம்.

இன்றைக்குத் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து குடிநீர் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த மனுஷன் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒரு தடித்த ரிப்போர்ட்டை எடுத்துப் போட்டார். வடக்குத் தெருக் கிணறுகள் முதல் கூட்டத்தில் இருக்கின்றன, குடிக்கத் தகுந்த தண்ணீர், லாரியோ டிராக்டரோ தேவையில்லை, குழாய்த் திட்டத்திலும் இந்தத் தெருவுக்குக் கடைசி இடம் என்று அதில் போட்டிருக்கிறதாம். யார் சாமி எங்கள் கிணற்றைக் குடித்துப் பார்த்தது என்று அற்புதமணி கேட்டாள். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். உன் பெயர். படிப்போடு, பட்டத்தோடு.

அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் நான் எங்கே போய் நிற்பது என்று சொல். பஸ்ஸில் வரும்போது யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. மாப்பிள்ளையூரணியில் இறங்கி வீடுவரை தனியாக நடந்து வந்தேன்.

ஏலே, என்ன எழுதி வைத்திருக்கிறாய்? கடிதத்தில் ஏலே என்று எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன், வாய்க்கு முன்னால் கை வருகிறது. எங்கள் கிணற்றைத் தெரியாதவன் எவனாவது எழுதியிருந்தால் போய்த் தொலைகிறான் என்று விட்டுவிடுவேன். நீ எப்படி எழுதினாய்?

உடனே பதில் போடு.

பானுப்ரியா

&nbsp;

ஹைதராபாத்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், உங்கள் சுகத்தை விரும்புகிறேன். உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கோபம் புரிகிறது. ஆனால் நிதானமாக யோசித்துப் பார்.

முதலாவது, வண்டியை நிறுத்தியது நான் இல்லை. ஒரு தெருவுக்கு வண்டி விடுவதும் நிறுத்துவதும் ஆபீசின் முடிவு. நான் தண்ணீரின் தன்மையைத்தான் எழுதினேன்.

இரண்டாவது, இதில் என் அபிப்பிராயம் என்று ஒன்றும் கிடையாது. கிணறுகளுக்குப் பெயர்கூடக் கிடையாது, நம்பர்தான். ஒரு கிணற்றின் அத்தனை அளவுகளையும் தனித்தனியாகப் பார்த்தால் தலை சுற்றும். எந்தப் பக்கம் நின்று பார்த்தால் கிணறுகளுக்கு இடையில் வித்தியாசம் அதிகமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் கணக்கே நம்மைத் திருப்பி நிறுத்துகிறது. முதன்மைக் கூறுகள் என்று அதற்குப் பேர். அப்படி நின்று பார்த்ததில் முதலில் தெரிந்தது கடல் உப்பு, இரண்டாவது உரமும் சாக்கடையும். இரண்டிலும் மாட்டாமல் தனியாக நின்றது உங்கள் தெரு. எண்கள் சொன்னதைத்தான் நான் எழுதினேன். என் சொந்த ஊர் என்பதற்காக எண்ணை மாற்றி எழுத முடியுமா? நாளைக்கு யாராவது கேட்டால் என் வேலை என்ன ஆவது?

வெள்ளத்துக்குப் பிறகு கடற்கரைக் கிணறுகளில் உப்புக் குறைவது நடக்கக்கூடியதுதான். மனசில் பழைய எண்ணத்தை வைத்துக்கொண்டு இன்னும் உப்பு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒருமுறை காய்ச்சி வடிகட்டிக் குடித்துப் பாருங்கள்.

தெருவில் பேசுகிறவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல். அம்மாவைக் கேட்டதாகச் சொல். அந்த இடுப்புப் பிடிப்பு இப்போது எப்படி இருக்கிறது?

அன்புடன்,
பாலகணேஷ்

&nbsp;

கள்ளிவிளை
25 செப்டம்பர் 2024

பாலகணேஷுக்கு,

மனசில் பழைய எண்ணமாம். உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்தேன், அப்புறம் நாளைக்குச் சண்டைக்கு உதவும் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கேட்டுக்கொள். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. காலையில் வைத்தது மத்தியானம்வரை கல்லாகக் கிடக்கிறது. சோறு மஞ்சளாக வடிகிறது. துணி துவைத்தால் சோப்பு நுரைப்பதில்லை, காய்ந்தால் விறைத்துப்போய் நிற்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்குகிறோம். அதையும் அளந்து அளந்து ஊற்றுகிறேன், சொந்தப் பிள்ளைக்குத் தண்ணீரை அளந்து ஊற்றுகிற பிழைப்பு. காய்ச்சி வடிகட்டச் சொல்லுகிறாயே, உப்பைக் காய்ச்சினால் என்ன வரும்? நம் ஊரைச் சுற்றி உப்பளம்தானே, அதுகூடவா மறந்துபோயிற்று?

குழாய் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். கோயில் முக்குவரை வந்து, அப்படியே தெற்கே திரும்பிவிட்டது. எங்கள் தெரு வாயில் நின்று பார்த்தால் குழி தெரிகிறது. அற்புதமணி குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்று, "ஒந் தம்பி பெரிய படிப்பாளி, நல்ல தண்ணின்னு எழுதிட்டான், அந்த நல்ல தண்ணியில ஒரு கொடம் எனக்கும் எறச்சுக் குடு" என்றாள். நம் கிணற்றில் இறைத்து ஊற்றினேன். அவளுக்கும் அழுகை, எனக்கும் அழுகை.

வத்தல் உதாரணம் சொன்னாயே. மூட்டையின் வாயில் எப்போதும் நல்ல வத்தல்தான் இருக்கும். நான் கையை அடிவரை விட்டுப் பார்க்காமல் எந்த மூட்டையும் எடுத்ததில்லை. நீ வாயோடு நின்றுவிட்டாய்.

எண் சொல்லிற்று, எண் சொல்லிற்று என்று எழுதாதே. வந்து ஒரு வாளி இறைத்துப் பார்.

அம்மா சுகம்.

பானுப்ரியா

&nbsp;

ஹைதராபாத்
20 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

நீ கேட்டதற்காக எல்லாவற்றையும் மறுபடி முதலில் இருந்து போட்டுப் பார்த்தேன். இந்துமதி என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள், அந்த அளவுக்கு இதிலேயே கிடந்தேன். இப்போது எனக்குத்தான் கோபம் வருகிறது.

ஒன்றுக்கொன்று நெருக்கமான கிணறுகளை முதலில் ஜோடி சேர்த்து, பிறகு ஜோடிகளைச் சேர்த்து, கடைசியில் தலைகீழ் மரம் போல ஒரு படம் வரைவோம். எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு கீழேயே கிளைகள் சேர்ந்துவிடும். அடுத்தடுத்த வீட்டுக் கிணறுகூட ஓரளவு உயரத்தில்தான் சேரும், ஏனென்றால் ஒன்றில் உப்புக் கூடும், ஒன்றில் சுண்ணாம்பு கூடும். வடக்குத் தெருவின் ஒன்பது கிணறும் தரையிலேயே சேர்ந்து கிடக்கின்றன. ஒரே பானையில் மொண்ட மாதிரி. அந்தப் பானையும் எது என்று தெரிந்துவிட்டது. ஒப்பீட்டுக்கு வைத்த ஆற்றுத் தண்ணீரும் அதே இடத்தில் இருக்கிறது. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் தாமிரபரணி ஊறாது.

ஆக, நீங்கள் கொடுத்தது கிணற்றுத் தண்ணீர் இல்லை. இசக்கியப்பன் அண்ணாச்சி வண்டித் தண்ணீர். தெருவே சேர்ந்து வண்டித் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, இப்போது என்னைப் பழி சொல்லுகிறீர்கள். ஏன் இந்தப் பொய்? யார் கொடுக்கச் சொன்னது? ஆபீஸில் இதை நான் எப்படிச் சொல்வேன், என் அக்கா தெருவில் ஏமாற்றிவிட்டார்கள் என்றா?

நம் வீட்டில் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தது யார் என்று மட்டும் எழுது. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

பாலகணேஷ்

&nbsp;

ஹைதராபாத்
24 நவம்பர் 2024

அக்காவுக்கு,

என் கடிதம் கிடைத்ததா? தீபாவளிக்குப் பலகாரப் பார்சல் வந்தது, உள்ளே ஒரு வரிகூட இல்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. அத்தானுக்குப் போட்டேன், லாரியில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். அவர் குரல் சரியாக இல்லை.

கோபமாக நாலு வரி எழுதினாலும் பரவாயில்லை, எழுது. அம்மாவிடம் போனைக் கொடு. அம்மா சுகமா?

பாலகணேஷ்

&nbsp;

கள்ளிவிளை
12 டிசம்பர் 2024

பாலகணேஷுக்கு,

அம்மா சுகமில்லை. சிறுநீரகத்தில் கல். தூத்துக்குடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் முடிந்து, போன வாரம் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். "பிள்ள தூரத்துல கெடக்கான், அவனப் போட்டு அலக்கழிக்காத" என்றாள். சத்தியத்தை இப்போது உடைக்கிறேன். பாவம் வந்தால் என் தலையில் வரட்டும்.

இடுப்புப் பிடிப்பு என்று ஜூனில் எழுதினேனே, அதுதான் இது. அப்போதே ராத்திரியெல்லாம் சுருண்டு கிடப்பாள். வண்டி நின்றபிறகு கேன் தண்ணீர் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கி வைத்தேன், தானும் அதில்தான் குடிக்கிறேன் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். டாக்டர் கேட்டபோதுதான் வெளியே வந்தது. அம்மா சுகம், அம்மா சுகம் என்று நான் உனக்கு எழுதியதும் ஆற்றுத் தண்ணீர்தான், வைத்துக்கொள். தூரத்தில் இருக்கிறவனுக்கு எதைக் கொடுப்பது வழக்கமோ அதைக் கொடுத்தேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பாட்டிலை நிரப்பிக் கொடுத்தது அம்மா.

சித்திரை வெயில், மத்தியான நேரம், கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள், முகமெல்லாம் சிவந்து. நீங்கள் புழங்குகிற தண்ணீர் ஒரு பாட்டில் வேண்டும் என்று வாசலில் நின்று கேட்டார்கள். அம்மா அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அடுப்படியில் மூடி வைத்திருந்த குடத்தில் இருந்து செம்பில் மொண்டு ஆளுக்கு ஒரு வாய் குடிக்கக் கொடுத்தாள். பிறகு பாட்டிலை வாங்கி அதே குடத்தில் மொண்டு நிரப்பினாள். இது எந்தத் தண்ணீர் என்று அந்தப் பிள்ளைகளும் கேட்கவில்லை. நம்பர் எழுதி ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கே அற்புதமணி மோரே கொடுத்தாள். தெரு முழுக்க இப்படித்தான். யாரும் கூடிப் பேசிச் செய்யவில்லை. பேசவே தேவையில்லை.

உன் அக்டோபர் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வார்த்தையைத் தாண்டிப் போயிருக்கலாம், கோபத்தில் அப்படியே வாசித்தேன். அம்மா கேட்டாள், "வாசல்ல நின்னு தண்ணி கேட்டவியளுக்கு உப்புத் தண்ணியவா குடுப்பாவ?" பிறகு, "பொய்யின்னா எழுதிருக்கான்?" என்றாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அந்த வாரம்தான் விழுந்தாள்.

நீ பொய் என்று எழுதினாய். சரி. உன் முதல் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஜூன் மாதம். ஆபீசில் ரிப்போர்ட் வருவதற்கு முந்தி. நம் வடக்குத் தெருக் கிணறெல்லாம் நல்ல தண்ணீர் ஆகிவிட்டதாமே, தாமிரபரணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதே என்று எழுதியிருக்கிறாய். நம்பர்தான், பெயர் கிடையாது என்று செப்டம்பரில் எழுதினாய். ஜூனிலேயே உனக்கு அது நம் தெரு என்று தெரியும். ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றும் தெரியும். ஆற்றுத் தண்ணீர் நம் தெருவுக்கு எதில் வருகிறது என்று நீ பிறந்ததில் இருந்து தெரியும். அந்த வண்டிக்குப் பின்னால் குடத்தோடு ஓடி முழங்கால் உடைந்தவன் நீதான். போதாததற்கு, வண்டி வாரம் இரண்டு முறை வருகிறது என்று என் பதிலிலும் எழுதியிருந்தேன்.

நீ என்னைக் கேட்டாய், நான் பதில் எழுதவில்லை. நீ கேலி பேசுகிறாய் என்று நினைத்தேன். என் தப்பு அவ்வளவுதான். நீ ஏன் இரண்டாம் தடவை கேட்கவில்லை? கேட்டால் அந்த அழகான படம் கெட்டுப்போயிருக்கும், இல்லையா? மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிய படம்.

அந்தப் பெண்பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. இதில் எல்லாம் தெரிந்தவன் ஒருத்தன்தான். யார் பொய் சொன்னது என்று இப்போது நீ சொல்.

பானுப்ரியா

&nbsp;

ஹைதராபாத்
19 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

ஆமாம். ஜூனிலேயே பார்த்தேன்.

அந்த ஒன்பது கிணற்றையும் எடுத்துவிட்டுப் போட்டால் படம் குழம்பியது, மூன்று கூட்டம் மூன்றாக நிற்கவில்லை. வைத்துக்கொண்டு போட்டால் கத்தி வைத்து அறுத்த மாதிரி பிரிந்தது. வெள்ளம் என்று ஒரு காரணம் கையில் இருந்தது. போதும் என்று விட்டேன். உனக்கு எழுதி, பதில் வராததும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. இதற்குமேல் விளக்கம் சொன்னால் நீ கிழித்துப் போடுவாய்.

வடக்குத் தெருவைப் பற்றி நான் எழுதியது தவறு, தண்ணீர் மறுபடி எடுக்கப்பட வேண்டும், அதுவரை வண்டி போக வேண்டும் என்று மேனேஜருக்கும் குடிநீர் ஆபீசுக்கும் என் பெயரில் எழுதி அனுப்பிவிட்டேன். மேனேஜர் கத்தினார். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அது உனக்கு எதற்கு.

பொங்கல் முடிந்து வருகிறேன். பாட்டிலோடு. யாரிடமும் கேட்க மாட்டேன், நானே இறைத்துக்கொள்கிறேன்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பாலகணேஷ்

&nbsp;

கள்ளிவிளை
30 ஜனவரி 2025

தம்பி பாலகணேஷுக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று இந்துமதி போனில் சொன்னாள். அவளிடம் எனக்குக் கோபம் இல்லை.

திங்கட்கிழமை வண்டி வந்தது. இசக்கியப்பன் அண்ணாச்சி தெரு வாயில் இருந்தே ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். அற்புதமணி எனக்கும் சேர்த்து ஒரு குடம் பிடித்துக் கொடுத்தாள். குழாய்க்கு இன்னும் பதில் இல்லை. அதற்கு மறுபடியும் போவோம், இந்தத் தடவை உட்காரச் சொல்கிறார்களா பார்ப்போம்.

நீ வந்து செய்ததைக் குறை சொல்லக்கூடாது. வெயிலில் நின்று ஒன்பது கிணற்றிலும் நீயே இறைத்தாய். பாட்டிலைக் கழுவினாய், மூடினாய், தேதி போட்டு ஒட்டினாய். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். என் தலை கொஞ்சம் நிமிர்ந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒன்பது கிணற்றில் ஒன்றிலாவது ஒரு கை அள்ளி நீ வாயில் வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

இன்னொன்றும் பார்த்தேன். நீ வந்து இறங்கியதும் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளே, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கு" என்றாயே. அது அம்மாவுக்கு வைத்த தண்ணீர். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சொல்லி, அம்மா குடிக்க என்று நான் தனியாக வாங்கி வைத்திருக்கிற கேன் தண்ணீர். நீ இருந்த மூன்று நாளும் உனக்கு அதைத்தான் மொண்டு கொடுத்திருக்கிறாள். நீ கிளம்பிப் போன அன்றைக்குச் சாயந்திரம் அடுப்படிக்குப் போனேன். கேன் காலி. அம்மா கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். ஆபரேஷன் பண்ணிய உடம்பு, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டேன். அம்மா செம்பைக் கீழே வைக்கவில்லை. "வந்த பிள்ளைக்கு உப்புத் தண்ணியவா குடுக்கச் சொல்லுத?" என்றாள்.

வந்த பிள்ளை. பாட்டிலோடு வந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன அதே பேச்சு. இந்த வீட்டில் பிறந்து, இந்தக் கிணற்றில் குளித்து வளர்ந்தவன் நீ. நீயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இது எந்தத் தண்ணீர் என்று.

அம்மா சுகமா என்று அடுத்த கடிதத்தில் என்னைக் கேட்காதே, நான் எழுத மாட்டேன். தெரிய வேண்டும் என்றால் வா. வந்ததும் அம்மா செம்பைக் கொண்டு வருவதற்கு முன்னால், பின்வாசலில் போய் நீயே ஒரு வாளி இறைத்துக் குடி. குடித்துவிட்டுப் போய் அவளிடம் கேள்.

உன் அக்கா,
பானுப்ரியா